வயிற்றுப் புற்றுநோய்க்கு உள்ளிருந்தே மருந்து: யாருக்கு எட்டும் இந்தச் சிகிச்சை?

வயிற்றறைக்குள் பரவிய புற்றுநோய்க்கு மருந்தைச் சிரை வழியாகச் செலுத்துவதே இன்றுவரை பொது வழக்கம். அம்மருந்து உடல் முழுவதும் சுற்றி வருகிறது. முடி உதிர்கிறது, வாந்தி வாட்டுகிறது, இரத்த அணுக்கள் குறைகின்றன. ஆனால் நோய் குடிகொண்டிருக்கும் இடத்தில் போதிய அளவு மருந்து சேர்வதில்லை. இந்த முரணைக் களைய, மருந்தை நோயுள்ள இடத்திலேயே வைத்துச் சிறிது சிறிதாக வெளிவிடச் செய்யும் முறைகளை மருத்துவ உலகம் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகத் தேடி வருகிறது. சில முறைகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. சில தோற்றன. பல இன்னும் ஆய்வுக்கூடங்களில் உள்ளன.

தலித் மக்களின் உரிமைகளைப் பேசும் நாம் ஒரு மருந்துத் தொழில்நுட்பத்தைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. கீமோதெரபி என்பது மருந்தை மட்டும் சார்ந்தது அன்று. எத்தனை முறை மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதையும் சார்ந்தது. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நகரத்துக்குச் சென்று திரும்பும் ஒவ்வொரு பயணமும் கூலித் தொழிலாளிக்கு நாள்கூலி இழப்பு. உடன் செல்பவருக்கும் அதே இழப்பு. நிலமற்ற விவசாயக் கூலிகளாகவும் தூய்மைப் பணியாளர்களாகவும் பெருமளவில் வாழும் மக்களுக்கு, ஒருமுறை வைத்தால் பல நாள் வேலை செய்யும் மருந்து மற்ற எவரையும்விட மிகுதியாகப் பயன்பட வேண்டும். ஆனால் இன்றைய ஏற்பாட்டில் அது அவர்களைத்தான் கடைசியாக வந்தடையும். ஏன் அப்படி, அதை மாற்ற என்ன கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சிரைவழி மருந்து ஏன் போதவில்லை

வயிற்றறையின் உட்சுவரையும் குடல், இரைப்பை, கல்லீரல் முதலிய உறுப்புகளையும் பெரிட்டோனியம் என்னும் மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. விரித்துப் பார்த்தால் அதன் பரப்பு ஏறக்குறைய நம் தோலின் பரப்புக்கு இணையாகும். சினைப்பை, இரைப்பை, பெருங்குடல், குடல்வால், கணையம் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்கள் முற்றும்போது, அவற்றின் செல்கள் உதிர்ந்து இந்தச் சவ்வின்மேல் விதைகளைப் போலப் படிந்து வளர்கின்றன. வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதும் குடல் அடைத்துக்கொள்வதும் இதன் விளைவுகளே.

இந்தச் சவ்வுக்கும் இரத்தத்துக்கும் இடையே ஒரு தடுப்பு உண்டு. இரத்தத்தில் ஓடும் மருந்து அதைக் கடந்து வயிற்றறைக்குள் குறைந்த அளவே வருகிறது. மறுபுறம், வயிற்றறைக்குள் நேரடியாக விட்ட மருந்து இரத்தத்துக்குள் மெதுவாகவே கலக்கிறது. இந்த இரண்டாவது தன்மையைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதை அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் டெட்ரிக்கும் அவருடைய குழுவினரும் 1978இல் கணக்கிட்டுக் காட்டினர். வயிற்றறைக்குள் மருந்தின் செறிவைப் பல மடங்கு உயர்த்தலாம். அதே வேளையில் உடலின் பிற பகுதிகளைப் பெரிதும் காக்கலாம் என்பது அவர்கள் கண்ட அடிப்படை.

இதன் பயனை அளந்து காட்டிய ஆய்வு 2006இல் வெளியானது. அமெரிக்காவில் முற்றிய சினைப்பைப் புற்றுநோய் கண்டு, அறுவை சிகிச்சையில் கட்டிகளின் பெரும்பகுதி அகற்றப்பட்ட 415 பெண்கள் இரு பிரிவாக ஆராயப்பட்டனர். ஒரு பிரிவினருக்குச் சிரைவழி மருந்து மட்டும். மறு பிரிவினருக்குச் சிஸ்பிளாட்டின், பாக்லிடாக்ஸல் ஆகிய மருந்துகள் குழாய் வழியாக வயிற்றறைக்குள்ளும் தரப்பட்டன. முதற்பிரிவினரின் வாழ்நாள் இடைநிலை 49.7 மாதங்கள், வயிற்றறைச் சிகிச்சை பெற்றவர்களுக்கு அது 65.6 மாதங்கள். சினைப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அன்றைய நிலையில் இது மிகப் பெரிய முன்னேற்றம்.

ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. வயிற்றறைச் சிகிச்சை தொடங்கியவர்களில் திட்டமிட்ட ஆறு சுற்றுகளையும் அவ்வழியிலேயே முடித்தவர்கள் 42 விழுக்காட்டினர் மட்டுமே. குழாயில் அடைப்பு, தொற்று, தாங்க முடியாத வயிற்று வலி ஆகியவை மற்றவர்களை நிறுத்த வைத்தன. பின்னர் வேறொரு துணை மருந்தையும் சேர்த்து நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், வயிற்றறைச் சிகிச்சையின் மேலதிகப் பயன் தென்படவில்லை. ஆகவே கொள்கை சரியாக இருந்தும், மருந்தைக் கொண்டு சேர்க்கும் வழியில் சிக்கல் நீடித்தது.

கழுவி எடுப்பதும் தங்க வைப்பதும்

அந்தச் சிக்கலுக்கு விடையாக இரு பாதைகள் உருவாயின. முதல் பாதை ஹைபெக் எனப்படுவது. அறுவை சிகிச்சையில் கண்ணுக்குத் தெரியும் கட்டிகளை எல்லாம் அகற்றிவிட்டு, மேசையிலேயே 41 முதல் 43 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிய மருந்துக் கரைசலை வயிற்றறைக்குள் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் சுழலவிட்டு வெளியே எடுத்துவிடுவார்கள். நெதர்லாந்தை மையமாகக் கொண்டு 245 பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், சினைப்பைப் புற்றுநோயாளரின் வாழ்நாள் இடைநிலை 33.9 மாதங்களிலிருந்து 45.7 மாதங்களாக உயர்ந்தது. பெருங்குடல் புற்றுநோயில் பிரான்சு நடத்திய ஆய்வு வேறு முடிவைத் தந்தது. அதில் நல்ல அறுவை சிகிச்சை மட்டும் பெற்றவர்களும், ஹைபெக்கையும் சேர்த்துப் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு, அதாவது 41 மாதங்களுக்குச் சற்று மேல், வாழ்ந்தனர்.

இரண்டாவது பாதைதான் நம் பொருள்: மருந்தைக் கழுவி எடுக்காமல் உள்ளேயே தங்க வைப்பது. இதன் தர்க்கம் எளிது. பல கீமோதெரபி மருந்துகள், செல் பிளவுபடும் வேளையில்தான் அதைத் தாக்குகின்றன. கட்டியில் உள்ள எல்லாச் செல்களும் ஒரே நேரத்தில் பிளவுபடுவதில்லை. ஒன்றரை மணி நேரமே இருக்கும் மருந்திலிருந்து அந்நேரத்தில் ஓய்வில் இருக்கும் செல்கள் தப்பிவிடுகின்றன. பல நாள்கள் குறைந்த அளவில் கசிந்துகொண்டே இருக்கும் மருந்து, ஒவ்வொரு செல்லும் பிளவுபடும் தருணம் வரை காத்திருக்கும்.

மருந்தை இவ்வாறு காத்திருக்க வைக்க ஒரு தாங்கி வேண்டும். உடலுக்குள் மெல்லக் கரையும் பாலிமர் வில்லை, ஜெல், நுண்மணி, கரித்துகள் எனத் தாங்கிகள் பல வகை. பெரிய மூலக்கூறுகளைக்கூடப் பாலிமருக்குள் அடைத்துப் பல நாள்கள் சீராக வெளியேறச் செய்யலாம் என்பதை 1976இல் ராபர்ட் லாங்கரும் ஜூடா ஃபோக்மனும் நிறுவினர். அந்த வழியில் வந்த கார்முஸ்டின் வில்லை, மூளைக் கட்டியை அகற்றிய குழியில் வைப்பதற்காக 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மூளையில் இயன்றதை வயிற்றறையில் செய்வது மேலும் கடினம். மூளைக் குழி சிறியது, அசையாதது. வயிற்றறையோ பரந்தது, குடல் ஓயாமல் அசைகிறது. தாங்கி மிக நுண்ணியதாக இருந்தால் நிணநீர் நாளங்கள் அதை வடித்துச் சென்றுவிடுகின்றன. பெரிதாக இருந்தால் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள நேர்கிறது. மேலும், மருந்து கட்டிக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே ஊடுருவும். எனவே பெரிய கட்டிகளை முதலில் கத்தியால் அகற்றியே ஆக வேண்டும். மருந்து அறுவை சிகிச்சைக்கு மாற்று அன்று, அதன் துணை.

ஒரே மருந்து, இரு நாடுகள், இரு முடிவுகள்

வயிற்றறையில் மருந்தைத் தங்க வைக்கும் முயற்சிகளில் நாம் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று, ஜப்பானில் தொடங்கியது. மைட்டோமைசின் என்னும் மருந்தை மிக நுண்ணிய கரித்துகள்களின்மேல் படியவைத்து, இரைப்பைப் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்ததும் வயிற்றறைக்குள் விடுவதே அந்த முறை. கரித்துகள்கள் சவ்வின்மேல் ஒட்டிக்கொண்டு மருந்தை மெதுவாக வெளிவிடும். 50 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வை ஹாகிவாராவும் தகாஹாஷியும் உள்ளிட்ட குழுவினர் 1992இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். இச்சிகிச்சை பெற்றவர்கள் பெறாதவர்களைவிடத் தெளிவாக நீண்ட காலம் வாழ்ந்தனர்.

அதே முறையை ஆஸ்திரிய அறுவை மருத்துவர்கள் பல மருத்துவமனைகளில் 91 நோயாளிகளிடம் ஆராய்ந்து 1998இல் முடிவை வெளியிட்டனர். அங்கே வாழ்நாள் கூடவில்லை. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்கள் கரிமருந்து பெற்றவர்களிடம் 35 விழுக்காடு, பெறாதவர்களிடம் 16 விழுக்காடு. அறுபது நாள்களுக்குள் இறந்தவர்கள் முறையே 11 விழுக்காடும் 2 விழுக்காடும். ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது.

இந்த வேறுபாட்டுக்கு ஒற்றைக் காரணத்தைச் சுட்ட முடியாது. நோயாளிகள் வேறு, அறுவை முறைகள் வேறு, பராமரிப்பும் வேறு. ஆனால் இதிலிருந்து இரு பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். ஓரிடத்தில் ஒரு கூட்டத்தாரிடம் பலித்தது மற்றோரிடத்தில் தீங்காகலாம். ஆகவே எந்த மக்களுக்கு மருந்து தரப்படப் போகிறதோ அந்த மக்களிடம் அது நேர்மையாகச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது பாடம் இந்த வகைச் சிகிச்சைக்கே உரியது. சிரைவழி மருந்தில் கோளாறு தோன்றினால் சொட்டை நிறுத்திவிடலாம். வயிற்றறைக்குள் வைத்துத் தைத்த மருந்தைப் பெரும்பாலும் திரும்ப எடுக்க இயலாது. நோயாளி தரும் ஒப்புதலின் கனம் இங்கே பல மடங்கு கூடுகிறது.

இன்று கைவசம் உள்ளவை

பெரிட்டோனியத்தில் பரவிய நோய்க்கு, மெதுவாக மருந்து வெளிவிடும் தாங்கி எதுவும் இன்னும் பரவலான நடைமுறைக்கு வரவில்லை. வயிற்றுப் பகுதியின் தனித்தனி உறுப்புகளில் இக்கொள்கை ஏற்கெனவே வேலை செய்கிறது.

கல்லீரல் புற்றுநோயில், தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக நுண்குழாயைச் செலுத்தி, கட்டிக்கு இரத்தம் கொண்டு செல்லும் கிளையை அடைந்து, அங்கேயே மருந்தை விட்டு இரத்த ஓட்டத்தை அடைப்பதை டேஸ் சிகிச்சை என்கின்றனர். பார்சலோனா ஆய்வாளர்கள் 112 நோயாளிகளிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாண்டு முடிவில் இச்சிகிச்சை பெற்றவர்களில் 63 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 27 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். இதன் அடுத்த வடிவமாக, டாக்சோரூபிசினை உறிஞ்சிவைத்து மெதுவாக வெளிவிடும் நுண்மணிகள் வந்தன. பழைய முறையோடு அவற்றை ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வில், கட்டி சுருங்குவதில் உறுதியான மேன்மை நிறுவப்படவில்லை. கல்லீரலுக்கும் உடலுக்கும் ஏற்படும் பக்கவிளைவு மட்டும் குறைந்தது. புதியது என்பதாலேயே ஒன்று பழையதைவிட நீண்ட ஆயுளைத் தந்துவிடாது என்பதற்கு இது சான்று.

சிறுநீரகத்தின் வடிகுழிவில் தோன்றும் ஒருவகைப் புற்றுநோய்க்கு, குளிர்ந்த நிலையில் திரவமாகவும் உடல் வெப்பத்தில் ஜெல்லாகவும் மாறும் மைட்டோமைசின் மருந்து 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சாதாரணக் கரைசலாக இருந்தால் சிறுநீர் அதை உடனே அடித்துச் சென்றுவிடும். ஜெல்லாகி ஒட்டிக்கொள்வதால் பல மணி நேரம் நிற்கிறது. ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வில் 71 பேரில் 41 பேருக்குக் கட்டி முற்றிலும் மறைந்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் ஒரு வகைக்கு, மூன்று வாரங்கள் ஜெம்சிடபின் மருந்தைக் கசியவிடும் சிறு சாதனம் 2025இல் அங்கே ஒப்புதல் பெற்றது. சிறுநீர்க்குழாய் வழியாகவே அதை உள்ளே வைத்து, பின்னர் வெளியே எடுத்துவிடலாம். சிறுநீர்ப்பையை முழுவதுமாக அகற்ற வேண்டிய நிலையில் இருந்தவர்களுக்கு இது ஒரு மாற்று.

சிகிச்சைக்கு முன்னால் நிற்கும் வாசல்கள்

இனி இச்சிகிச்சைகளை நம் மக்களின் வாழ்நிலையோடு பொருத்திப் பார்ப்போம். ஒருவர் உள்ளமர்த்தும் மருந்தைப் பெற வேண்டுமானால், முதலில் நோய் காலத்தே கண்டறியப்பட வேண்டும். பின்னர் ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் வேண்டும். பயிற்சி பெற்ற அறுவை மருத்துவரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் வேண்டும். அதன்பின் சிக்கல் தோன்றினால் உடனே திரும்பி வரும் தொலைவில் மருத்துவமனை இருக்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இந்த வாசல்களில் எது அடைபட்டாலும் கடைசி அறையில் உள்ள மருந்தால் பயனில்லை.

முதல் வாசலே நம் மக்களுக்குக் கடினம். சினைப்பைப் புற்றுநோய் உலகெங்கும் பெரும்பாலும் முற்றிய நிலையிலேயே கண்டறியப்படுகிறது. வயிற்று உப்புசம், பசியின்மை, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு ஆகிய அதன் அறிகுறிகள், வாயுத் தொல்லை என்று எளிதில் ஒதுக்கப்படுகின்றன. இந்தியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 47,000 பெண்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்படுவதாக 2022ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. நகரத்துப் பெண்ணுக்கே காலம் தாழ்த்தித் தெரியவரும் நோய், ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூசியும், ஒருநாள் கூலியை இழக்க அஞ்சியும் வலியைப் பொறுத்துக்கொள்ளும் பெண்ணுக்கு எப்போது தெரியவரும்? இந்தியாவில் தலித் பெண்ணின் சராசரி இறப்பு வயது, ஆதிக்கச் சாதிப் பெண்ணின் இறப்பு வயதைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என 2018இல் ஐக்கிய நாடுகள் பெண்கள் அமைப்பின் அறிக்கை எடுத்துக்காட்டியது. அந்த இடைவெளியைப் புற்றுநோய் மட்டும் உண்டாக்கவில்லை. ஆனால் புற்றுநோயும் அதே இடைவெளிக்குள்தான் நுழைகிறது.

நோய் தோன்றுவதிலேயே சமூகம் பங்கு வகிப்பதும் உண்டு. இரைப்பைப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணியான ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இல் உறுதிப்பட்ட காரணிகளின் பட்டியலில் சேர்த்தது. நெருக்கமான குடியிருப்பு, தூய்மையற்ற நீர், கழிவகற்றும் வசதியின்மை ஆகிய சூழல்களில் இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொற்றுகிறது. ஊருக்கு ஒரு குழாய், சேரிக்கு ஒரு குழாய் என்று பிரித்து வைத்த சமூகத்தில் நீர் ஒரு சாதிப் பிரச்சினை என்பதை நாம் அறிவோம். அது வயிற்றின் பிரச்சினையும் ஆகும்.

மருத்துவமனை வாசலுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக வெளிப்படையாகச் சேர்த்தது. ஆனால் இன்றைய தடை பெரும்பாலும் வாசலில் நின்று மறிப்பதாக வருவதில்லை. தொலைவாகவும், காத்திருப்பாகவும், புரியாத மொழியில் எழுதப்பட்ட சீட்டாகவும் அது வருகிறது.

காப்புரிமையும் விலையும்

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தருகிறது. ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். இது பெரிய ஆதரவு என்பதில் ஐயமில்லை. ஆனால் காப்பீட்டுத் திட்டங்கள், பட்டியலிடப்பட்ட சிகிச்சைகளுக்கு நிர்ணயித்த தொகை வழங்கும் முறையில் இயங்குபவை. பட்டியலுக்குள் வராத புதிய சிகிச்சை ஏழைக்கு இல்லாத சிகிச்சையே. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கும் பேருந்துக் கட்டணம், தங்குமிடம், இழந்த கூலி ஆகியவை நோயாளியின் தலையிலேயே விழுகின்றன. புற்றுநோயாளிகள் சிகிச்சைக்காகச் செல்லும்போது ரயிலின் படுக்கை வகுப்பில் முழுக் கட்டண விலக்கு உண்டு. உரிய சான்றிதழை மருத்துவமனையில் கேட்டுப் பெற வேண்டும் என்பதையே பலர் அறியாமல் இருக்கின்றனர்.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். வயிற்றறைக்குள் செலுத்தப்படும் சிஸ்பிளாட்டின், பாக்லிடாக்ஸல், மைட்டோமைசின், டாக்சோரூபிசின் ஆகிய அனைத்தும் காப்புரிமைக் காலம் முடிந்த பழைய மருந்துகள். இந்திய நிறுவனங்கள் அவற்றை மலிவாகத் தயாரிக்கின்றன. விலை ஏறுவது தாங்கியில்தான்: ஜெல், மணி, சாதனம் ஆகியவை புதிய காப்புரிமைகளைப் பெறுகின்றன. பழைய மருந்தைப் பழைய குழாய் வழியே தரும் சிகிச்சைக்கு விளம்பரம் செய்ய எந்த நிறுவனமும் முன்வராது. 2006இன் ஆய்வு அத்தனை தெளிவான பயனைக் காட்டிய பின்னரும், அமெரிக்காவின் சிறந்த மருத்துவமனைகளிலேயே தகுதியுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு அச்சிகிச்சை போய்ச் சேரவில்லை.

விலையைக் குறைக்கும் கருவிகள் நம்மிடம் உண்டு. கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்கான சோரஃபெனிப் மருந்து மாதத்துக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய்க்கு விற்கப்பட்டபோது, 2012இல் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் வழங்கியது. விலை மாதத்துக்கு ஏறத்தாழ 8,800 ரூபாயாக இறங்கியது. மக்களுக்குத் தாங்கக்கூடிய விலையில் மருந்து கிடைக்கவில்லை என்பதே சட்டம் ஏற்ற காரணங்களுள் ஒன்று. 2019இல் 42 புற்றுநோய் மருந்துகளின் வணிக லாபத்துக்கு 30 விழுக்காடு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 முதல் மொத்தமாக மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அளித்து வருவது நாடே பின்பற்றிய முன்மாதிரி. மருந்துக்குச் செய்ததைத் தாங்கிகளுக்கும் சாதனங்களுக்கும் செய்ய முடியும்.

ஆய்வுக்கு உட்படும் உடல்கள்

புதிய மருந்து நம்மை வந்தடையும் முன் நம் உடல்கள் ஆய்வுக்கு அழைக்கப்படுகின்றன என்பதையும் மறக்கக் கூடாது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் ஏறத்தாழ 14,000 சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஒரு செயல்விளக்கத் திட்டமாகப் போடப்பட்டது. அவர்களுள் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடி, தலித் வீட்டுப் பிள்ளைகள். பெற்றோரின் ஒப்புதலுக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் கையொப்பமிட்டனர். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி புற்றுநோயைத் தடுப்பதில் பயனுள்ளது. அதை நாம் மறுக்கவில்லை. நம் பிள்ளைகளின் உடலுக்கு வேறொருவர் கையொப்பமிடலாம் என்று கருதியதே குற்றம்.

கரிமருந்தின் கதையை இங்கே மீண்டும் நினைவுகூர வேண்டும். நம் மக்களை உட்படுத்தாமல் எங்கோ சோதித்த மருந்தை நம்மீது நம்பிக்கையோடு பயன்படுத்த முடியாது. ஆகவே ஆய்விலிருந்து விலகி நிற்பது தீர்வாகாது. உரிமையோடு பங்கேற்பதே வழி. 2019இன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் அதற்கான சில பிடிமானங்களைத் தருகின்றன. ஆய்வினால் நேரும் பாதிப்புக்கு இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டு. புதிய வேதிமருந்துகளின் ஆய்வில், நலிந்த நிலையில் உள்ளவர்கள் ஒப்புதல் தருவதை ஒலி, ஒளிப்பதிவு செய்ய வேண்டும். மாற்றுச் சிகிச்சை இல்லாத நிலையில் பயன் கண்ட நோயாளிக்கு, ஆய்வாளரின் பரிந்துரையும் நெறிக்குழுவின் இசைவும் இருந்தால், ஆய்வு முடிந்த பின்னரும் இலவசமாக மருந்து தொடர வழியுண்டு. ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைக்கும் முன், இவற்றை நம் மொழியில் கேட்டறிவது ஒவ்வொருவரின் உரிமை.

நாம் கேட்க வேண்டியவை

உள்ளமர்த்தும் மருந்து நாளையே எல்லோருக்கும் வேண்டும் என்று கோருவது பொருளற்றது. அதன் பெரும்பகுதி இன்னும் நிறுவப்படவில்லை. அது நிறுவப்படும் நாளில் நம் மக்கள் வரிசையின் கடைசியில் நிற்காதிருக்க, இன்றே கேட்க வேண்டியவை சில.

முதலாவது, கண்டறிதல். மாநில அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் ஏற்கெனவே வீட்டு வாசலுக்கு வருகின்றனர். தொடர் வயிற்று உப்புசம், விளக்கமில்லாத எடைக் குறைவு, மலத்தில் இரத்தம் ஆகியவற்றைக் கேட்டறிந்து, அதே வாரத்தில் ஸ்கேனுக்கு அனுப்பும் பொறுப்பை அவர்களுக்கு அளிக்க வேண்டும்.

இரண்டாவது, அருகாமை. எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்றாண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள் அமையும் என ஒன்றிய அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அவை கட்டடங்களாக நின்றுவிடாமல், மருந்து, செவிலியர், அவசர உதவி ஆகியவற்றோடு இயங்க வேண்டும். நகரத்தில் அறுவை சிகிச்சையும் உள்ளமர்த்தும் மருந்தும் பெற்றவருக்கு, காய்ச்சலோ வயிற்று வலியோ வந்தால் ஓடிச் செல்லும் முதல் இடம் இம்மையமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, சிகிச்சைக் காலத்துக்கான கூலி இழப்பீடு. நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் பயணச் செலவும் நாள்கூலியும் வழங்காத திட்டத்தை இலவசச் சிகிச்சை என்று அழைக்க முடியாது.

நான்காவது, கணக்கு. புற்றுநோய்ப் பதிவேடுகள் வயது, பாலினம், உறுப்பு வாரியாக எண்களை வெளியிடுவதுபோல், எந்தச் சமூகத்தவர் எந்தக் கட்டத்தில் நோயோடு வருகின்றனர், எத்தனை பேர் சிகிச்சையை முழுமையாக முடிக்கின்றனர் என்பதையும் தனிமனித அடையாளம் வெளிப்படாத வகையில் வெளியிட வேண்டும். எண்ணப்படாத இழப்புக்கு எந்த அரசும் நிதி ஒதுக்குவதில்லை.

ஐந்தாவது, பொதுத்துறை ஆய்வு. மலிவான பழைய மருந்துகளை எளிய தாங்கிகளில் வைத்து வயிற்றறையில் தங்க வைக்கும் முயற்சிகள், காப்புரிமை லாபத்தை எதிர்நோக்காத நிறுவனங்களில்தான் தொடர முடியும். 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உருவான அடையாறு புற்றுநோய் நிலையமும், நாடெங்குமுள்ள புற்றுநோய் மருத்துவமனைகளை 2012 முதல் இணைத்துவரும் தேசியப் புற்றுநோய் வலையமைப்பும் உள்ள நாட்டில் இது எட்டாத கோரிக்கை அன்று.

வயிற்று உப்புசம் இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், குறிப்பாக நாற்பது வயதைக் கடந்த பெண்கள், வாயு மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளாமல் அரசு மருத்துவமனையில் ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். புற்றுநோய் உறுதியானால், காப்பீட்டு அட்டையோடு சென்று, அறுவை சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் மூன்றைக் கேட்க வேண்டும்: கட்டி முழுவதையும் அகற்ற முடியுமா, வயிற்றறைக்குள் மருந்து தருவது எனக்குப் பொருந்துமா, அது நிறுவப்பட்ட சிகிச்சையா ஆய்வா? இக்கேள்விகளுக்கு விளங்கும் மொழியில் விடை பெறும் வரை காத்திருக்க நோயாளிக்கு உரிமை உண்டு; விடை சொல்வது மருத்துவமனையின் கடமை.